சைவ பீர்

பர்ட்டன் அபான் ட்ரென்ட்,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

  

நான் இங்கே சாராயம் காய்ச்சுவதாக ஊரில் பேச்சு என்று அம்மா சொன்னாள். வீடியோ காலில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வாளி "பொளக், பொளக்" என்று சத்தம் போட்டதை அக்கா மகன் பார்த்துவிட்டான். செய்தி ஆதி அண்ணாமலையார் கோயில் வாசலில் புறப்பட்டு, பௌர்ணமிக் கூட்டத்தோடு மலையைச் சுற்றிக்கொண்டு, நம் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. பதினாலு கிலோமீட்டரை இத்தனை சீக்கிரம் வேறு யாரும் சுற்றியதாகத் தெரியவில்லை. வழியில் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் ஒரு லிட்டர் கூடியிருக்கும்.

மாமா, அது சாராயம் இல்லை, பீர். சாராயத்துக்கு அடுப்பு, குழாய், வடிப்பு எல்லாம் வேண்டும். அதை லைசென்ஸ் இல்லாமல் செய்தால் இந்த நாட்டிலும் பிடித்து உள்ளே வைப்பார்கள். பீரில் வடிப்பு கிடையாது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை இடித்து, அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இறங்கிய இனிப்புத் தண்ணீரை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட்டைப் போட்டு மூடிவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். வாளி போட்ட சத்தம் ஈஸ்ட் விடுகிற வாயு. வீட்டுக்கு மட்டும் போட்டுக்கொள்ள இங்கே யாரிடமும் கேட்க வேண்டாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். முன்பு இவர்களுக்கும் லைசென்ஸ் இருந்தது. 1880இல் வந்த சட்டம். 1963இல் ரெஜினால்ட் மாட்லிங் என்ற நிதி அமைச்சர் அதை எடுத்துவிட்டார். நமக்கு 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. அரசாங்கம் கடை போட்டு விற்கலாம், நாம் வாளி வைத்தால் கம்பி. இதில் நான் கருத்துச் சொல்லப் போவதில்லை, எனக்குத் தீபத்துக்கு ஊருக்கு வர வேண்டியிருக்கிறது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்ததைப் பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள். அங்கே கொன்றது மெத்தனால். ஆலைக்குப் போக வேண்டிய சரக்கு சாராயத்தில் வந்து சேர்ந்தது. பார்லியும் ஈஸ்ட்டும் வாளிக்குள் சேர்ந்து அந்த வேலையைச் செய்யாது. இதை அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் "குடிச்சிட்டுப் பேசறான்" என்பாள்.

என் வாளிக்கு இப்போது வேறு பிரச்சினை. அதற்குத்தான் இந்தக் கடிதம். உங்களைத் தவிர எனக்குத் தெரிந்த யாரும் இதில் நிபுணர் இல்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவரைப் பீர் நிபுணர் என்கிறேனே என்று கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

நான் போடும் பீர் ருசியில் குறையில்லை. பார்க்கத்தான் நீராகாரம் மாதிரி இருக்கிறது. இந்த ஊரில் அது லேசான குற்றமில்லை. பட்டுக்கு நம் ஆரணி மாதிரி பீருக்கு பர்ட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1820களிலிருந்து இங்கிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் பீர் போனது. "இந்தியா பேல் ஏல்" என்ற பெயரே அப்படித்தான் நிலைத்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாசக்கணக்கில் கப்பலில் கிடந்ததால், கரை சேரும்போது அது நன்றாகத் தெளிந்திருக்கும். அன்று இங்கிருந்து மதராசுக்குப் பீர் வந்தது, இன்று நம் அடி அண்ணாமலையிலிருந்து இங்கே ஆள் வந்திருக்கிறது. பீருக்கு அனுப்பியவன் கூலி கொடுத்தான், என் டிக்கெட்டுக்கு நான் இன்னும் தவணை கட்டுகிறேன்.

ஊர்த் தண்ணீர்தான் இவர்களுடைய சொத்து. கிணற்றுத் தண்ணீர் ஜிப்சம் பாறை வழியாக வருகிறது. நம் தெரு போர் தண்ணீரை "உப்பு, பருப்பு வேகாது" என்று அத்தை திட்டுவாரே, அந்த மாதிரி கடினத் தண்ணீர். அதில் உள்ள கால்சியம்தான் ஈஸ்ட்டைக் கூட்டிச் சேர்த்துக் கீழே இறக்க உதவுகிறது. பருப்பு வேகாத தண்ணீரில் பீர் தெளிகிறது. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தை அள்ளிப் போட்டு பர்ட்டன் தண்ணீராக்குகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு என் பீர் கலங்கியிருக்கிறது என்றால் மானம் போகாதா?

போனது. என் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், மதுபான ஆலையில் பீப்பாய்த் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அன்றைய செய்தித்தாளைக் கிளாஸுக்குப் பின்னால் வைத்தார். "உன் பீர் வழியாக எனக்கு எந்தச் செய்தியும் தெரியவில்லை. இன்றைக்கு இருக்கிற செய்திக்கு அதுவும் நல்லதுதான்" என்றார். வெள்ளைக்காரன் நக்கல் நம் செங்கம் ரோடு டீக்கடை நக்கலுக்குக் குறைந்ததல்ல.

எதற்கு இந்தத் தெளிவு என்று அவரிடம் கேட்டேன். பழைய காலத்தில் யாரும் கவலைப்பட்டதில்லையாம். ஈயக் குவளையிலும் மரக் குவளையிலும் மண் குவளையிலும் குடித்தவரைக்கும் உள்ளே என்ன மிதந்தால் யாருக்குத் தெரியும்? 1842இல் பொஹீமியாவின் பில்சன் ஊரில் யோசஃப் குரோல் என்பவர் தங்க நிறத்தில், அடி தெரிகிற பீர் ஒன்றைப் போட்டார். 1845இல் இங்கிலாந்து கண்ணாடிக்கு இருந்த வரியை எடுத்தது. கண்ணாடிக் கிளாஸ் சாதாரண ஆள் கைக்கும் வந்தது. அத்தோடு கெட்டது குடி. நாக்கு ஒப்புக்கொண்டதற்கெல்லாம் கண் சாட்சி கேட்க ஆரம்பித்தது.

இனி உங்கள் இலாகா.

நான் அரை டிராயரில் இருந்தபோது சாத்தனூர்த் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்னை அழைத்துப் போய் ஜார் டெஸ்ட் காட்டுவீர்களே, வரிசையாக ஆறு கண்ணாடி ஜார், அணையில் புதுவெள்ளம் வந்த நாளின் செம்மண் தண்ணீர், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாகப் படிகாரம். துடுப்பு மெல்லச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜாரில் மட்டும் பஞ்சுப் பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கும். "களிமண் துகளுக்கு நெகடிவ் சார்ஜ், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரம் அதை அடக்கிவிட்டால் சேர்ந்து கீழே உட்காரும்" என்று சொல்வீர்கள். அப்போது எனக்குப் புரிந்தது, திரும்பும்போது பொரி உருண்டை கிடைக்கும் என்பது மட்டும்தான்.

மாமா, பீரும் அதேதான். ஈஸ்ட்டுக்கும் மேலே நெகடிவ் சார்ஜ். தனியாக விட்டால் மிதந்துகொண்டே இருக்கும். பாசிடிவாக ஒன்றைக் கொடுத்தால் கட்டி சேர்ந்து இறங்கிவிடும். நீங்கள் முப்பது வருஷம் சம்பளத்துக்குச் செய்த வேலையை இவர்கள் கராஜில் பொழுதுபோக்காகச் செய்துகொண்டு அதற்குச் சங்கம் வேறு வைத்திருக்கிறார்கள். படிகாரமே ஒரு சிட்டிகை போடலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெரியவரிடம் கேட்டேன். "அது சவரக் காயத்துக்கு" என்றார்.

ஈஸ்ட் மட்டும் குற்றவாளி என்றால் சுலபம். மூன்று பேர் இருக்கிறார்கள், முகம் ஒரே மாதிரி இருக்கும். முதல் ஆள் மாவுச்சத்து. பார்லியில் உள்ள மாவு முழுக்கச் சர்க்கரையாகவில்லை என்றால் கடைசி வரை கலங்கலாகவே நிற்கும், எதைப் போட்டாலும் இறங்காது. இதைக் கண்டுபிடிக்க நம் ஒன்பதாம் வகுப்புச் சோதனைதான்: ஒரு சொட்டு அயோடின், நீலக் கறுப்பானால் இன்னும் ஊறட்டும். இரண்டாம் ஆள் ஈஸ்ட். இங்கிலீஷ் ஈஸ்ட் வகைகள் பல வேலை முடிந்ததும் கூட்டமாக அடியில் போய்ப் படுத்துவிடும். சில வகை ஈஸ்ட் கல்யாணம் முடிந்தும் பந்தலை விட்டுப் போகாத உறவினர்.

மூன்றாவது ஆள்தான் கேடி. பீர் அறைச் சூட்டில் பளிச்சென்று இருக்கும். "ஜெயித்துவிட்டோம்" என்று ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் கலங்கிவிடும். வெளியே வைத்தால் மறுபடி தெளியும். பார்லியின் புரதமும், உமியிலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வருகிற துவர்ப்புப் பொருளும் குளிரில் கைகோத்துக்கொள்வதால் வருகிற புகைமூட்டம் இது. குடித்தால் ஒன்றும் தெரியாது, பார்த்தால் மட்டும் வயிறு எரியும். இதற்கு மருந்து ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும். பார்லியைக் கழுவி எடுக்கிற தண்ணீர் எழுபத்தைந்து டிகிரியைத் தாண்டி ரொம்பப் போகக் கூடாது. போனால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். கொதி தளதளவென்று இருக்க வேண்டும், சிம்மில் வைக்கக் கூடாது. அப்போதுதான் புரதம் முட்டைப் பொரியல் மாதிரியான துணுக்காகத் திரளும். கொதித்து முடிந்ததும் சட்டென்று குளிரவைக்க வேண்டும். அதற்காக நான் ஒரு செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து உள்ளே இறக்கிக் குளிர்தண்ணீர் ஓடவிடுகிறேன். அக்கா மகன் வீடியோவில் இந்தக் குழாயையும் பார்த்திருந்தால் போலீஸுக்கே போயிருப்பான்.

பெரியவரின் சமையலறை அலமாரியைத் திறந்தால் சித்த மருந்துக் கடைதான். முதலில் காய்ந்த கடல்பாசி எடுத்துக் கொடுத்தார். ஐரிஷ் பாசி என்று பெயர். கொதி முடியப் பத்து, பதினைந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு சின்னக் கரண்டி போட வேண்டும். அதிலுள்ள காராஜீனனுக்கு நெகடிவ் சார்ஜ். பாசிடிவாக உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். இதே காராஜீனனுக்காகத்தான் மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் மூங்கில் தெப்பம் கட்டிக் கடல்பாசி வளர்க்கிறார்கள். அது வேறு பாசி, சரக்கு ஒன்று. நம் ராமநாதபுரத்துப் பாசியிலும் பீர் தெளியும் என்று பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். "உங்கள் நாட்டில் எல்லாம் இருக்கிறது, நீ ஏன் இங்கே இருக்கிறாய்?" என்றார். சும்மா கேட்டதுதான். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்து ஒரு புட்டி எடுத்தார். உள்ளே வெள்ளைக் கூழ். ஒரு வாளிக்குக் கொஞ்சம் ஊற்றினால் ஒன்றிரண்டு நாளில் பீர் கண்ணாடியாகிவிடுமாம். என்னவென்று கேட்டேன். மீனின் காற்றுப் பை! காயவைத்து, அமிலத்தில் கரைத்துச் செய்வது, ஐசிங்கிளாஸ் என்று பெயர். நம் கடற்கரையில் கூறல் மீனுக்கு யானை விலை சொல்கிறார்களே, அது அதன் வயிற்றில் உள்ள நெட்டிக்காகத்தானே, அந்த உறுப்புதான். அந்தக் காலத்தில் ருஷ்யாவிலிருந்து ஸ்டர்ஜன் மீனுடையதை வரவழைத்திருக்கிறார்கள். விலை கட்டவில்லை. 1795இல் வில்லியம் மர்டாக் என்ற இன்ஜினீயர், ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரக் கம்பெனி ஆள், மலிவான காட் மீனிலிருந்து அதே சரக்கை எடுத்துக் காட்டினார். லண்டன் பீர்க்காரர்கள் 2,000 பவுண்டு கொடுத்து அந்த வித்தையை வாங்கினார்கள். இந்த மர்டாக்தான் நிலக்கரி வாயுவில் விளக்கு எரித்த மனிதர். தெருவுக்கும் வெளிச்சம் கொடுத்தார், கிளாஸுக்கும் கொடுத்தார். எனக்குத் தெரிந்து இரண்டும் சேர்ந்துதான் குடிகாரனை வீட்டுக்கு வழிகாட்டும்.

இங்கேதான் எனக்குச் சங்கடம். அத்தையிடம் போனில் இதைச் சொன்னேன். அத்தை நீளமாக யோசித்துவிட்டு, "நீ குடிக்கிறது கூடப் போகுதுடா, அதுல மீனா?" என்றார். மாமா, இதற்கு என்ன பதில் சொல்வது? குடி மன்னிக்கப்பட்டுவிட்டது, மீன்தான் மாட்டிக்கொண்டது. சரி, ஜெலட்டின் போடலாம் என்றால் அது மாட்டுத் தோல், பன்றித் தோல். முட்டை வெள்ளைக்கரு ஒயினுக்கு ஆகும், நம் வீட்டுக்கு ஆகாது. மீனும் ஜெலட்டினும் அடியில் இறங்கிவிடும், கிளாஸில் வருவது மிகச் சொற்பம் என்றேன். "காசிக்குப் போற வண்டியில கறிக்கூடை இருந்தா, அது நம்ம பெட்டியில இல்லைன்னு சொல்லுவியா?" என்றார். இந்தச் சித்தாந்தம் அத்தைக்கு மட்டும் உரியதும் இல்லை. கின்னஸ் கம்பெனியே மீன் வேண்டாத வாடிக்கையாளர்களுக்காக ஐசிங்கிளாஸை விடப் போவதாக 2015இல் அறிவித்தது. டப்ளின்காரன் இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து அத்தையின் கட்சிக்கு வந்திருக்கிறான்.

ஆக, வீட்டில் சைவ பீர்தான். பாசி சைவம். பென்டோனைட் என்று ஒரு களிமண் இருக்கிறது, அதுவும் சைவம், ஆனால் களிமண்ணை எடுக்க நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் காசு கொடுத்துக் களிமண் வாங்க மாட்டான். மிச்சம் இருக்கிற பெரிய மருந்து குளிர். அது இந்த ஊரில் இலவசம். வந்த நாளிலிருந்து இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தவன், இப்போது டிசம்பர் வந்தால் வாளியைக் கராஜில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். உறைய விடாமல் ஒன்று, இரண்டு டிகிரியில் சில நாள் கிடந்தால் ஈஸ்ட் இறங்கும், அந்தக் கேடிப் புகைமூட்டமும் திரண்டு இறங்கும். மேலாகக் குழாய் வைத்துத் தெளிவை இழுத்துக்கொண்டு அடிமண்டியை விட்டுவிட வேண்டும். பாட்டிலில் அடைத்த பிறகும் அப்படியே: அசைக்காமல் ஊற்றி, கடைசி விரற்கடையைப் பாட்டிலிலேயே விட வேண்டும். "தெளிய வச்சு ஊத்துடி" என்று பாட்டி அடிபம்புத் தண்ணீருக்குச் சொன்னதைக் காட்டிலும் பெரிய சூத்திரத்தை எந்தப் பீர்ப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. மீனும் பாசியும் பொறுமை இல்லாதவனுக்கு விற்கிற சரக்கு. பெரும்பாலும் குளிரும் நாளுமே போதும்.

அந்த அடிமண்டியைக் கீழே கொட்டிவிடாதே என்றார் பெரியவர். இந்த ஊர் அதையும் விற்றுக் காசு பண்ணியிருக்கிறது. 1902இல் இங்கே ஒரு கம்பெனி தொடங்கி, பீர் ஆலைகள் கழித்த ஈஸ்ட்டைக் காய்ச்சிக் கறுப்புக் கூழாக்கி, மார்மைட் என்று பெயர் வைத்து, ரொட்டியில் தடவச் சொல்லி நாடு முழுக்கக் கொடுத்தது. இன்றும் காற்று திரும்பினால் என் படுக்கையறை வரை அந்த வாசனை. ஒரு நாள் தோசைக்குத் தொட்டுக்கொண்டேன். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை.

இத்தனை பாட்டுக்கும் என்ன மதிப்பு தெரியுமா? வீட்டுப் பீர்ப் போட்டிகளுக்கு அமெரிக்காவில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது, பல நாடுகளில் அதையே வைத்துக்கொள்கிறார்கள். மொத்தம் 50. ருசிக்கு 20, வாசனைக்கு 12, வாயில் உட்காருகிற தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பார்வைக்கு 3! அந்த மூன்றிலும் நிறமும் நுரையும் பங்கு கேட்கும். செப்புக் குழாய், பாசி, அயோடின், கராஜ் குளிர், அத்தையிடம் வாங்கிய அர்ச்சனை எல்லாம் ஒரே ஒரு மார்க்குக்கு. பத்தாம் வகுப்புக் கணக்கில் படத்துக்கு ஒரு மார்க் என்று மணிக்கணக்கில் கவராயம் பிடித்த பரம்பரை மாமா, நாம் விடுவோமா?

இதற்கு மேல் ஒரு கொடுமை. கடைசியில் ஒரு வாளி அசல் கண்ணாடியாகத் தெளிந்தது. பெரியவர் அதன் வழியாகச் செய்தித்தாளில் கிரிக்கெட் ஸ்கோர் படித்தார். அந்தக் குஷியில் என் ஆபீஸ் பையன்களுக்குக் கொடுத்தேன். ஒருவன் தூக்கிப் பார்த்து, "என்ன இது, கடைச் சரக்கு மாதிரி இருக்கே, மங்கலாகப் போடத் தெரியாதா?" என்றான். மாமா, இப்போது ஃபாஷன் கலங்கல்! அமெரிக்காவின் வடகிழக்கிலிருந்து கிளம்பி வந்த ஒரு வகை. ஓட்ஸும் கோதுமையும் போட்டு, கொதி முடிந்த பிறகு ஹாப்ஸை அள்ளிக் கொட்டி, வேண்டுமென்றே பழச்சாறு போலக் கலங்கலாக விடுகிறார்கள். தெளிந்த பீரைவிட விலையும் கூடுதல். ஜெர்மனியில் கோதுமைப் பீர் குடிப்பவர்கள் பாட்டிலை உருட்டி, அடியில் உள்ள ஈஸ்ட்டையும் சேர்த்தே ஊற்றிக்கொள்வது பழைய வழக்கம். ஆக என் முதல் வாளியை நான் எங்கே தூக்கிப் போயிருக்க வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்கு இல்லை, பக்கத்துத் தலைமுறைக்கு. பெரியவரிடம் சொன்னேன். "சோம்பேறித்தனத்துக்கு விலைப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். என் ஓட்டு அவருக்குத்தான்.

நீங்கள் இதெல்லாம் நம் வழக்கம் இல்லை என்று சொல்வீர்கள். செங்கம் பக்கம் போகும்போதெல்லாம் பஸ்ஸில் எனக்கு நன்னன் கதை சொன்னது யார்? அந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர்கள் தங்கும் மலையூரில் மூங்கில் குழாயில் முற்றவைத்த தேன் கள்ளைப் பற்றிச் சொல்கிறது. பர்வதமலைச் சாரல், நமக்கு அடுத்த வீடு. பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேல். காஞ்சியை நோக்கிப் போகிறவனுக்கு, அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆறவைத்து, புளிக்கவைக்கும் அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விட்டு, விரலால் அலசிப் பிழிவதுவரை சொல்லிவிடுகிறது. கூடவே சுட்ட மீன். அவர்கள் மீனைத் தட்டில் வைத்தார்கள், வெள்ளைக்காரன் பீப்பாய்க்குள் போட்டுவிட்டான். புலவர் பட்டத்துக்குப் படித்த உங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? அந்தப் பகுதி வந்தபோது பஸ்ஸில் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இனி நான் கேட்க வந்தது. தேற்றாங்கொட்டை. பாட்டி மண்பானையின் உட்புறத்தில் அதை உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவாள், காலையில் கலங்கல் அடியில் கிடக்கும். கலித்தொகையே இதை உவமையாகச் சொல்லியிருப்பதாக நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். எட்டி மரத்தின் சாதிதான், ஆனால் விஷம் இல்லை. சேற்றுத் தண்ணீரில் அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்லித் தண்ணீரில் செய்யுமா? பெரியவர் இதைக் கேட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "மரத்துக் கொட்டையா? சைவமா? இலவசமா?" என்று மூன்று கேள்வி. விதையை இந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டாம், சான்றிதழ் அது இது என்று தகராறு. நீங்களே பாருங்கள். உங்கள் பழைய ஜார்கள் பரணில் இருக்கும். கடையில் பார்லி வாங்கி அத்தையை விட்டு நீர்க்கக் கஞ்சி காய்ச்சி ஆறவையுங்கள். ஈஸ்ட் போடாதீர்கள், 1937ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஒரு ஜாரைச் சும்மா விடுங்கள். ஒன்றில் படிகாரம், ஒன்றில் முருங்கை விதைப் பொடி, மிச்சத்தில் தேற்றாங்கொட்டையைக் கல்லில் உரைத்து, கூட்டிக் குறைத்து ஊற்றிப் பாருங்கள். எது முதலில் தெளிகிறது, எத்தனை மணி நேரத்தில், மேலே எத்தனை விரற்கடை தெளிவு என்று பழைய பதிவேட்டில் எழுதுகிற மாதிரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்து அனுப்புங்கள். கையெழுத்து முக்கியம், பெரியவர் என்னை நம்புவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்.

பி.கு.: பீருக்கு ஊறவைத்துப் பிழிந்த பார்லிச் சக்கையை இங்கே மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். சாராயம் ஏறாத வெறும் சக்கைதான் அது, கறவை மாட்டுக்கு நல்ல தீனி. சோதனை முடிந்ததும் கஞ்சிப் பார்லியை அத்தையின் மாட்டுக்குத் தாராளமாக வைக்கலாம். படிகாரம் போட்ட ஜாரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.